கை நனைத்தல்

ஏழு புள்ளி எட்டு என்று எழுதிய தாளை
நாலாக மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு
வீட்டுக்கு வந்தார் கைரொல்லா.
இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் நாள் பனியை உதறத் தொப்பியைத் தட்டினேன்,
விழுந்தது.
"தொழிற்சாலைச் சோதனை. எல்லோருக்கும்தான் எடுத்தார்கள்."
"எல்லோருக்குமா சிவப்பு மையில் வட்டம் போட்டார்கள்?"

தெமிர்த்தாவ் உருக்காலையில் முப்பத்தோரு வருடம்
கிரேன் கூண்டில் உட்கார்ந்தே இருக்கிற மனிதர்.
கொதிக்கும் இரும்பை அண்டாவோடு தூக்குவார்.
தன்னைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏற
இரண்டு இடத்தில் நிற்பார்.
உங்களுக்குக் கொழுப்பு அதிகம் என்று
கல்யாணமான வாரத்திலிருந்து சொல்லிவருகிறேன்.
இப்போதுதான் அதற்கு ஓர் எண் கிடைத்தது.

குதிரை விலாக் கொழுப்பைக் குடலில் அடைத்த காஸி,
முழங்கை நீளம், அவர் அக்காள் அனுப்பியது,
குளிர்பெட்டியிலிருந்து கீழ்வீட்டு ல்யூபோவுக்குப் போனது.
ரயிலேற்றி அனுப்புகிறவர் போல
வாசலில் நின்று பார்த்தார்.

மறுநாள் காலை தண்ணீரில் வெந்த ஓட்ஸ்.
கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இது குதிரை தின்பது."
"குதிரையைத் தின்றவர்தானே நீங்கள்.
அது தின்றதையும் தின்னுங்கள்."

சாயந்திரம் நீர்த்தேக்கக் கரையில் நடை.
மைனஸ் இருபத்திரண்டு.
புருவத்தில் பனி கட்டி, ஒரு வாரத்தில் கிழவராகி,
மூன்றாவது விளக்குக் கம்பத்தைத் தொட்டுத் திரும்புவார்.
சமையலறை ஜன்னலிலிருந்து எண்ணுவேன்.
நாலு. நாலு. ஐந்து.
ஒருநாள் இரண்டோடு திரும்பி, கதவைச் சாத்தி,
எண்ணெயில் பொரித்த பவுர்சாக்குக்காக அழுதார்,
ஐம்பத்தெட்டு வயதில்.
நான் பார்க்காத மாதிரி முட்டைக்கோஸ் நறுக்கினேன்.
மார்ச்சில் பதினொன்று.
எண்ணும் இறங்கியிருந்தது: ஆறு புள்ளி நாலு.

அப்போதுதான் ஆயாவ்லிமைப் பேச
பல்காஷிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள்.
ஆட்டு ஈரலும் வால்கொழுப்பும் சீவி வைத்து
ஒருவர் வாயில் ஒருவர் ஊட்ட வேண்டும்.
ஊட்டிவிட்டால் சம்பந்தம்.
கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிடலாம்,
விழுங்கியதை என்ன செய்ய முடியும்?

இவருக்கென்று தட்டின் ஓரத்தில்
நகக்கண் அளவு ஒரு சீவல் ஒதுக்கி
வெங்காய வளையம் வைத்து அடையாளமும் செய்திருந்தேன்.
நாத்தனார் தட்டைத் திருப்பிவிட்டாள்.

சம்பந்தி ஒராஸ்பெக்கின் விரல்களில்
கட்டைவிரல் பருமன் வெள்ளைத் துண்டு,
தளதளவென்று ஆடிக்கொண்டு.
இவர் வாயைத் திறந்துவிட்டார்.
மகள் வாழ்க்கை. மறுப்பதா?
அறையில் யாரும் மூச்சு விடவில்லை.
துண்டு பாதிவழியில் நின்றது.

பால் விடாத இவர் தேநீரை,
தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிய பவுர்சாக் தட்டை
அந்த மனிதர் ஆரம்பத்திலிருந்தே பார்த்திருக்கிறார்.
காதருகே குனிந்து,
"உங்களுக்கு எவ்வளவு?"
"ஏழு எட்டு. இப்போது ஆறு நாலு."
"எனக்கு எட்டு இரண்டு. ஜனவரியில்.
வீட்டில் இவளுக்கு மட்டும்தான் தெரியும்."

பின்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை பதறினாள்:
"ஆறா? எட்டு ஆடு என்றுதானே பேசினோம்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
துண்டு தட்டில் விழுந்தது.
ஈரலில் ஒரு சீவல், கொழுப்பில் கடுகளவு,
அவர் இவருக்கு, இவர் அவருக்கு.
கண் மூடி மென்றார் கைரொல்லா.
அந்தக் கடுகை எவ்வளவு நேரம் மென்றார்,
அதை ஏன் கேட்கிறீர்கள்.

காலையில் எழுந்தால் இரண்டு ஆண்களையும் காணோம்.
ஜன்னலில் பனியைச் சுரண்டிப் பார்த்தேன்.
ஏழாவது கம்பத்தடியில் இரண்டு ரோமத் தொப்பிகள்,
ஒன்று கையை ஆட்டி ஆட்டி எதையோ பேரம் பேசுகிறது.
பதினொன்றைத் தாண்டிவிட்டன.
அதற்கப்பால் என் ஜன்னலுக்குத் தெரியாது.

ஓட்ஸில் இன்னொரு கை போட்டேன்.
தண்ணீரும்.